போத்தல் பிடிக்க வர இருந்தவள்

போன மாரிக் குளிரில், கனடாவில் மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரி அறையில் நடந்தது. நான் இருந்தேன். இவர் இருந்தார். பிரெஞ்சில் கதைக்க மகள் இருந்தாள். டொக்டர் இருந்தார். வேறு ஒருவரும் இல்லை.

எனக்குக் கழுத்தில் கட்டி, தைரொயிட் எடுக்க வேண்டும். பயம் இல்லை. அக்காவுக்கும் இதே வருத்தம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவளுக்கு ஒப்பரேஷன் செய்தபோது கழுத்தில் குழாய் வைத்து, இரத்தநீர் வடிய ஒரு போத்தல் கொழுவிவிட்டார்கள். அவள் எழும்பி நடந்தால் நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பிறகு கலியாணம் முடித்து இங்கே வந்துவிட்டேன்.

என் ஒப்பரேஷனைக் கேள்விப்பட்டதும் அக்கா போனில் சொன்னாள்: “உன்ரை போத்தலை நான்தான் வந்து பிடிப்பன். போத்தல் பிடிக்க ஆள் வேணும் எண்டு டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்கு, விசாவுக்குக் காட்டலாம்.” முன்பு ஒருதரம் அவளுக்கு விசா மறுத்திருந்தார்கள்.

அந்தத் துண்டைத்தான் அன்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார் டொக்டர். என் கட்டிக்குக் குழாய் தேவையில்லையாம். மறுநாளே வீட்டுக்குப் போகலாமாம். உள்ளே இரத்தம் கசிந்தால்? குழாய் அதைத் தடுக்காது, கழுத்து வீங்குகிறதா என்று நேர்ஸ் பார்த்துக்கொண்டே இருப்பார் என்றார்.

“எனக்கு வைக்கச் சொல்லு,” என்றேன் மகளிடம்.

“அம்மா, கழுத்திலை ஓட்டை போடுங்கோ எண்டு ஆரும் கேப்பினமோ?”

“நீ சொல்லு.”

சொன்னாள். ஏன் என்று கேட்டார். அக்காவைப் பற்றியும் சொன்னாள்.  டொக்டர், தேவையில்லாமல் நோகும், வைக்காததை வைத்தேன் என்று எழுதவும் முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

“விடும். மனுசன் நல்லதைத்தான் சொல்லுறார்,” என்றார் இவர்.

நல்லதுதான். ஒப்பரேஷன் முடிந்து மறுநாள் பின்னேரம் வில்லரே பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தேன். அக்கா வீடியோவில் வந்தாள்.

“போத்தல் எங்கை?”

“வைக்கேல்லை.”

என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லதாப் போச்சு. அப்ப நான் வரத் தேவையில்லை, என்ன?”

சும்மாவாவது வா என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. ஒப்பரேஷனால்தான் என்று அவள் நினைத்திருப்பாள்.

சுகமானது சந்தோஷம்தான். ஆனாலும் குளிக்கும்போது கை கழுத்தில் படும், அவள் நினைவு வரும். அக்காவை நேரில் கண்டு பத்தொன்பது வருடம்.