லூட்டி என்று படித்தேன்

அறுபதுகளின் நடுவில், அரிசி கண்ணில் படாத வருஷம் அது. செஞ்சி வழியாக வெளியூர் போன அரிசி லாரி ஒன்றை ஜனங்கள் மடக்கி மூட்டைகளைக் கிழித்தார்கள். சிங்கவரத்திலிருந்து கூலி வேலைக்குப் போயிருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, தலைத்துண்டை விரித்து அள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் வீட்டில் சோறு மணத்தது. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது.

கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் கொடுத்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், ஆறாம் வகுப்புப் படித்த நான்தான். வக்கீல் வைப்பதற்காக அம்மா எங்கள் சினை ஆட்டை அனந்தபுரம் சந்தைக்கு ஓட்டிப்போவதாக இருந்தாள். அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் நான்.

"இன்னா போட்டுருக்கான்? படி பாப்பா" என்றார் மாமா.

காகிதம் முழுக்கத் தேடியும் ஒரே ஒரு சொல்லைத்தான் எழுத்துக்கூட்ட முடிந்தது. லூட்.

"லூட்டி அடிச்சீங்கன்னு போட்டுருக்கான் மாமா."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "அவ்ளோதானா? பசங்க மாதிரி மூட்டை மேல ஏறிக் குதிச்சோம், லூட்டிதான். திட்டி அனுப்பிடுவான்க்கா. ஆட்ட விக்காத."

நான் படித்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம். ஆட்டைப் பார்த்தேன். சந்தேகத்தைச் சொல்லவில்லை.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார்: "இதுல எழுதியிருக்கறத ஒத்துக்கறியா?"

மாமா கைகட்டி நின்றார். "ஒத்துக்கறேன் சாமி. லூட்டி அடிச்சது நெசந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்ததும் மாமா திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இங்கிலீஷ் வாத்தியாரிடம் கேட்டேன். "லூட்னா கொள்ளைம்மா. வடக்கத்தி வார்த்தை. அங்கேயிருந்துதான் வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான். நம்ம லூட்டியும் அதுலேருந்து வந்ததாத்தான் இருக்கும். இங்க வந்து வெளையாட்டாயிடுச்சு." ஜன்னல் வழியே தெரிந்த கோட்டையைக் காட்டினார். "அந்த மலையப் புடிக்க வந்த படையெல்லாம் ஊருக்குள்ள செஞ்சது அதான்."

"அவங்களுக்கு எத்தன மாசம் சார் போட்டாங்க?"

வாத்தியார் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

மாமாவின் கூலி நின்றுபோனதால், ஈன்ற ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் விற்றுத்தான் அந்த ஆறு மாதம் சாப்பிட்டோம். ஆட்டை ஓட்டிப்போன அன்று அழக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மாமா திரும்பி வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. ஓயாத இருமல். அடுத்த அறுவடைவரை அவர் இருக்கப்போவதில்லை என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் போனேன்.

"மாமா, அது லூட்டி இல்ல. கொள்ளையாம். நான் தப்பாப் படிச்சிட்டேன்."

இருமல் அடங்கக் காத்திருந்து என் தலையில் கை வைத்தார்.

"அட, எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. காயிதம் குடுக்கறப்பவே ஏட்டு சொல்லிட்டாரு. நீ படிக்கறதக் கேக்கலாம்னுதான் குடுத்தேன்."

ஏட்டு எதுவும் சொல்லியிருக்கமாட்டார் என்று யோசிக்க எனக்கு அன்று தெரியவில்லை. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. வெளியே பிள்ளைகள் கூப்பிட்டார்கள். மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விளையாட ஓடினேன்.