லிஃப்ட்காரரின் ஏழாம் கேள்வி

இருபத்திரண்டு வருஷம் ஊர் ஜனத்தை மாடி மாடியாக ஏற்றி இறக்கிய மனுஷர் அவர். பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. லிஃப்ட்காரர் என்றால் போதும், கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனிக்காரன் ஒருநாள் கூப்பிட்டு, "ஆள் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லி, கையில் ஒரு கவரைத் திணித்து அனுப்பிவிட்டான். யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்தார். டூல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கிற முக்கோணச் சாவியை மட்டும் அவர்களும் கேட்க மறந்தார்கள், இவரும் கொடுக்க மறந்தார். அது வீட்டுச் சாவியோடு சேர்ந்து இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை போனவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல நமக்கென்ன வந்தது. வீட்டு வாடகை அதில்தான் போனது. அவர் மனைவி சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துக் கொண்டுவருவது அடுப்புக்கே சரியாக இருந்தது. உதவித்தொகை வேண்டுமென்றால் திங்கட்கிழமைதோறும் ஆபீசுக்குப் போய் ஒரு ஃபாரம் கொடுக்க வேண்டும். ஆபீஸ் இருப்பது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒரு நாள் ஓடினால் மூன்று நாள் படுத்துக்கொள்ளும்.

ஆக, லிஃப்ட் ரிப்பேர் தெரிந்த ஒருவர், தனக்கு வேலை இல்லை என்று எழுதிக் கொடுப்பதற்காக, ரிப்பேரான ஒரு லிஃப்டைத் தாண்டி எட்டு மாதமாகப் படியேறிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. படியேறுகிறவனுக்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது.

அந்த லிஃப்டுக்கு என்ன கேடு என்று அவருக்கு முதல் வாரமே தெரியும். மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டுக்குள் இரண்டு சின்னச் செப்புத் தகடுகள் உண்டு. அவை ஒன்றையொன்று தொட்டால்தான் கதவு சாத்தியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பும். அதில் கரி படிந்திருந்தது. துடைத்தால் தீர்ந்தது. ஆனால் துடைத்தால் அது வேலை. ஃபாரத்தில் ஏழாம் கேள்வி அதைத்தான் கேட்கும்: 'கடந்த திங்கட்கிழமை முதல் இன்று வரை ஏதேனும் பணி செய்தீர்களா? ஆம் / இல்லை.' ஆம் என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கப் புது மனு, புது வரிசை, இரண்டு மாதம்.

அதனால்தான் பழைய கம்பெனி சூப்பர்வைசர் போன மாதம், "மூணு வாரத்துக்கு மட்டும் வர்றியா?" என்று கேட்டபோது இடுப்பு வலி என்று சொல்லித் தட்டிக்கழித்தார். மூன்று வாரக் கூலிக்காக இரண்டு மாத வாடகையை யார் பணயம் வைப்பது? இது அவருடைய மச்சினன் மண்டையில் ஏறவில்லை.

"மாமா இப்ப அரசாங்க மாப்பிள்ளை. உடம்பு அலுங்கக் கூடாது" என்றான்.

"நீ ஒரு திங்கக்கிழமை நாலு மாடி ஏறிப் பாருடா. மாப்பிள்ளைக்கு நடக்கிற மரியாதை தெரியும்."

"அவர வம்புக்கு இழுக்காதடா" என்ற மனைவி இவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் மெஷினக் கண்டா கை வெச்சுத் தொலைக்காதீங்க. கையக் கட்டிக்கிட்டுப் போங்க, கையக் கட்டிக்கிட்டு வாங்க. வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?"

அடுத்த திங்கட்கிழமை நாலாவது மாடியில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஃபாரம் வாங்குகிற ஆபீசர் அம்மாவின் நாற்காலி காலி. முட்டி வலிக்காரி. லிஃப்ட் ஓடுகிறதே என்று நம்பி ஏறியிருக்கிறாள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

வாட்ச்மேன் கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஆள் இல்லையாம். ரெண்டு மணிக்கு மேலதான் அனுப்புவாங்களாம்."

ஆள் ஜாஸ்தி என்று சொன்ன அதே கம்பெனிதான்.

"அண்ணே, நீங்க லிஃப்ட் ஆளுதானே?" என்றான் முன்னால் நின்றவன்.

"ஆமா."

"அப்ப தொட்டுடாதீங்க. ஃபைலு போயிடும்."

"ரெண்டு மணி வரைக்கும் அந்தம்மா உள்ளயே இருந்தா நம்ம ஃபாரத்த யாருய்யா வாங்குவா?" என்றான் பின்னால் நின்றவன். அவனவனுக்கு அவனவன் கவலை.

"யாராவது இருக்கீங்களா? எனக்கு மூச்சு முட்டுதுங்க!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. வாட்ச்மேனை இழுத்துக்கொண்டு மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடினார். மெயினை அணைத்தார், பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்கும்படி வாட்ச்மேனிடம் சொன்னார், சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மூன்றாவது மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். இறங்கி வந்து முக்கோணச் சாவியைப் போட்டுத் திறந்தார். அம்மா வேர்வையில் குளித்து வெளியே வந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கதவு திறந்து கிடக்கிறது, கரி படிந்த தகடு கண்ணெதிரே நிற்கிறது. துணி இல்லை. சட்டைப் பையில் நிரப்பிய ஃபாரம் இருந்தது. அதை மடித்துத் தகடுகளுக்கு நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுத்தார். ஃபாரம் கறுத்தது, செம்பு பளிச்சென்றது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். எட்டு மாசமா கண்ண உறுத்திக்கிட்டு இருந்துச்சு."

மெயினைப் போட்டதும் லிஃப்ட் சமத்தாக ஓடியது. கவுண்டரில் அம்மா அவர் ஃபாரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். சரியாக ஏழாம் கேள்வி மேல் கரி. பழையதைத் திருப்பித் தந்து, புது ஃபாரத்தை நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "இல்லன்னே போடுங்க. நான் உள்ள இருந்தேன். ஒரே இருட்டு. எதையும் பாக்கல."

நல்ல மனுஷி. இவரும் பேனாவை 'இல்லை' பக்கம்தான் கொண்டுபோனார். செய்யாத சர்வீசைச் செய்ததாகக் கம்பெனிக்காக நூறு தடவை கையெழுத்துப் போட்ட கை அது. செய்ததைச் செய்யவில்லை என்று எழுத மட்டும் அதற்கு வரவில்லை. 'ஆம்' என்று போட்டுவிட்டது.

"ஏங்க, பத்து நிமிஷம்தானே?"

"பன்னண்டு."

"நிமிஷத்துக்கு இதுல கட்டமே இல்ல. முழு நாளாத்தான் விழும்." பெருமூச்சு விட்டு முத்திரையைக் குத்தினாள்: 'வேலைக்குத் திரும்பினார்.' சுவரிலிருந்த பலகையில், இந்த மாதம் வேலைக்குத் திரும்பியவர்கள் பதினொன்று என்றிருந்ததை அழித்துப் பன்னிரண்டு ஆக்கினார்கள். பக்கத்து கவுண்டர்க்காரர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"சார், நான் எந்த வேலைக்குத் திரும்பியிருக்கேன்?"

"அதுக்கும் கட்டம் இல்லைங்க."

கீழே படியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் முகமும் மனைவி முகமும் மாறி மாறி வந்தன. சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டார்.

"அந்த மூணு வாரம் இன்னும் இருக்கா சார்?"

"இடுப்பு வலின்னியே?"

"இப்பதான் விட்டுச்சு."

"இன்னிலேருந்தே வா. உதவித்தொகை ஆபீஸ் தெரியுமில்ல? லிஃப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்களாம். ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேரு."

"சேந்துட்டேன் சார்."

லிஃப்டிலேயே மேலே போனார்.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள் அம்மா.

"கம்பெனிலேருந்து வந்திருக்கேன் மேடம், லிஃப்ட் ரிப்பேருக்கு. முடிஞ்சுதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க." கரி படிந்த பழைய ஃபாரத்தைத் திருப்பி, பின்பக்கம் வேலை விவரம் எழுதி நீட்டினார். அவள் சிரிக்காமல் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வரும்போது மனைவி ஃபோனில் கூப்பிட்டாள். "கையக் கட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

கறுத்த உள்ளங்கையைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னார். எதிர்முனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"மூணு வாரம் சரி. அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு மாசம் வரிசைதான். ஆனா இனிமே நாலு மாடி ஏற வேண்டாம்டி. லிஃப்ட்லயே போய் நிக்கலாம்."