வாசலுக்கு வெளியே இங்கிலீஷ் கிடையாது

எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு டாக்டர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுத்தேன். பிள்ளைகள் 'அணில், ஆடு' என்று எழுதுவார்கள். எழுதி முடித்ததும் பசிக்கிறது என்று இங்கிலீஷில் சொல்வார்கள்.

நான் வேலை பார்த்த லேபில் மிக்மாக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். கனடாவின் கிழக்குக் கரையில், அவள் ஜனங்கள் காலங்காலமாக வாழும் ஊரிலிருந்து வந்தவள். என் வயதுதான், குறும்பு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையுடையது. ஊரில் அவர்களே நடத்தும் பள்ளியில் கொஞ்ச காலம் டீச்சராக இருந்தாளாம். பிள்ளைகளை ஆற்றுக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய், விலாங்கு பிடிக்கும்போதே மிக்மாக் மொழியில் பேசவைப்பார்களாம்.

என் வகுப்பைப் பார்க்க வந்தவள், பலகையில் நான் வரைந்திருந்த அணிலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தில் ஓடிய அணிலையும் பார்த்தாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு எங்களையெல்லாம் வெளியே கிளப்பினாள்.

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காடு. டாக்டரும் கூட வந்தார். வாசலைத் தாண்டினால் யாரும் இங்கிலீஷ் பேசக் கூடாது என்று அவள் சட்டம் போட்டாள். எங்களுக்குத் தமிழ், அவளுக்கு மிக்மாக். தெரியாததைக் கை காட்டிக் கேட்கலாம்.

பிள்ளைகள் கேட்கக் கேட்க என் வண்டவாளம் வெளியே வந்தது. மேப்பிளுக்கு 'மரம்' என்றேன். பைனுக்கு 'இன்னொரு மரம்' என்றேன்.

அப்போது புதருக்கடியில் கறுப்பாக, முதுகில் வெள்ளைக் கோட்டோடு ஏதோ அசைந்தது. நான் அதை அதற்குமுன் பார்த்ததில்லை. டாக்டருக்கு மயிலாப்பூரை விட்டால் ஆஸ்பத்திரிதான் தெரியும். கீரிப்பிள்ளை வகை என்று விளக்கிக்கொண்டே கிட்டே போனார். மிக்மாக்காரி "அபிக்ஜிலு" என்று அதன் பெயரைச் சொன்னாள், சட்டப்படி. கையை விரித்துப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளினாள். அவர்கள் எல்லோருக்கும் அது ஸ்கங்க் என்று தெரியும், கிட்டே போனால் வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீய்ச்சும் என்றும் தெரியும். ஆனால் இங்கிலீஷ் கூடாதே. ரொம்ப ஒழுக்கமாக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

டாக்டரின் மகளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, "அப்பா, நாத்தம்" என்றாள்.

"குளிச்சுட்டுத்தான்மா வந்தேன்" என்றார் அவர், திரும்பாமலே.

ஸ்கங்க் வாலைத் தூக்கியது.

அதன்பிறகு டாக்டர் பேசிய தமிழை நான் எந்த வகுப்பிலும் எடுத்ததில்லை. கஸ்மாலம், சோமாரி என்று மெட்ராஸ் பாஷை அருவியாகக் கொட்டியது. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அட்சரசுத்தமாகத் திரும்பச் சொன்னார்கள். மிக்மாக்காரி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலுக்குள் வந்த பிறகுதான் என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள், தான் ஒழுங்காக எச்சரிக்கை செய்ததாக.

டாக்டரின் மனைவி அவரை வீட்டுக்குள் விடவில்லை. கராஜில் உட்காரவைத்து, நாற்றம் போக டின் டின்னாகத் தக்காளி ஜூஸை ஊற்றினாள். ரசம் வைக்க ஒரு டின்கூட மிஞ்சவில்லை என்று என்னிடம்தான் கோபித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது பிள்ளைகள் எனக்கு முன்பே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார்கள். டாக்டரின் மகள் முதல்முறையாக என்னிடம் முழுசாகத் தமிழில் பேசினாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கும் வெளிய போலாமா? அப்பாவையும் கூப்பிடலாம்."