ட்ரைபாடில் ஏறிய துப்பாக்கி

அலுவலக வேலையாக வேலூரிலிருந்து பெங்களூர் வந்தவள், மதிய ரயிலுக்கு நேரமிருப்பதால் துப்பாக்கி சுடும் கூடத்தில் நிற்கிறேன். போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது தோள் உடைந்தபின் ஏர் ரைஃபிளைத் தொடுவது இதுதான் முதல் முறை. தூக்கிப் பிடித்தால் கை நடுங்குகிறது. ஐந்து குண்டுகளில் இரண்டு இலக்கு அட்டையிலேயே படவில்லை. இனி நமக்கு இது ஆகாது என்று ரைஃபிளைக் கீழே வைக்கிறேன்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜோகுபாளையத்து மஞ்சுளா ஒரு ட்ரைபாடைக் கொண்டுவந்து, என் தோள் உயரத்துக்கு நிறுத்தி, ரைஃபிளை அதன்மேல் பொருத்துகிறார்.

“இத வெச்சு சுட்டா ஏமாத்துற மாதிரி இல்லையா?” என்கிறேன்.

“போட்டிக்கா வந்திருக்கீங்க? ஸ்வல்பம் முன்னாடி சாஞ்சு நில்லுங்க மேடம். வெயிட்ட அது பாத்துக்கும். நீங்க குறிய மட்டும் பாருங்க.”

சாய்கிறேன். கறுப்பு வட்டம் அசையாமல் நிற்கிறது. பாதி மூச்சை விட்டு விசையை அழுத்துகிறேன். அடுத்தடுத்து ஐந்து முறை.

மஞ்சுளா அட்டையைக் கழற்றிக் கையில் கொடுக்கிறார். ஐந்து துளைகளும் என் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. ரயில் போனால் போகட்டும், இன்னொரு அட்டை மாட்டச் சொல்கிறேன்.