புளியோதரையில் வெங்காயம்

மைசூரில், அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் நானும் என் மனைவியும் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. மேல்கோட்டையில் பிறந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், இப்போது தனியாக இருக்கிறார். நாங்கள் எல்லையோர ராமாபுரத்துப் பக்கம் ராகி விதைக்கிற குடும்பம். மாமி பேசுவதும் நாங்கள் பேசுவதும் ஒரே தமிழ்தான் என்று யாராவது சத்தியம் செய்தால் ஒழிய நம்ப முடியாது.

அந்த வீட்டை வைத்து நான் ஒரு நாவல் எழுதினேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை போக மிஞ்சிய நேரத்தில் நாலு வருஷம் எழுதினேன். முற்றம், தேக்குத் தூண்கள், மழைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய் எதையும் விட்டுவைக்கவில்லை. கதாநாயகியும் ஒரு மேல்கோட்டை மாமிதான். தமிழில் வந்தபோது எனக்கு ஒரு பயமும் இல்லை. மாமிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிப்பதெல்லாம் கன்னடம். பிறகு கன்னட மொழிபெயர்ப்பு வந்தது. கூடவே வினையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் மரபு நடைக் குழு ஒன்று எங்கள் அக்ரஹாரத்தையும் சேர்த்துக்கொண்டது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது பேர், சிலர் கையில் என் புத்தகத்தோடு, வாசலில் வந்து நிற்பார்கள். மாமிக்கு ஒரே குஷி. விடிந்ததும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். தூணைத் தட்டித் தட்டிக் கதை சொல்வார். தூணின் வயது வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஏற்றினால் கற்பனை, மாமி ஏற்றினால் பொய்யா?

ஒரு ஞாயிறு, கூட்டத்திலிருந்து ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கன்னடத்தில் கேட்டாள். நாலாம் அத்தியாயத்தில் வருகிறதே, சின்ன வெங்காயம் அரிந்து போட்ட புளியோகரே, அதன் செய்முறை கிடைக்குமா என்று.

மாமியின் கை தூணிலேயே நின்றுவிட்டது. வெங்காயம் அந்த வீட்டு முன்கட்டின் நிலைப்படியைக்கூடத் தாண்டியதில்லை. அதுவும் புளியோதரையில்! பெருமாளுக்குக் கைகாட்டிப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிற புளியோதரையில்!

அன்று மாலையே மேல்கோட்டையிலிருந்து மாமியின் மன்னி போன் செய்தார். அவரும் நாவலைப் படித்துவிட்டார். அடுத்த மாதம் மாமியின் அண்ணாவுக்கு அறுபதாம் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் புளிக்காய்ச்சல் மாமியின் கையால்தான். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே உரிமை அது. மன்னி, இந்த முறை வெளியாளுக்குச் சொல்லிவிட்டதாகவும் சிரமப்பட வேண்டாம் என்றும் இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாமி நேரே பின்கட்டுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டேள் பாத்தேளா?"

"கதைதானுங்களே மாமி" என்றேன் அசட்டுத்தனமாக.

"தூண் இருக்கு, முத்தம் இருக்கு, நான் இருக்கேன். வெங்காயம் மட்டும் கதையா? யார் நம்புவா?"

மாமி போனபின், அந்த வெங்காயம் நாவலுக்குள் எப்படித்தான் வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, இதுக்கு இத்தன யோசனையா? மாமி தூக்குல குடுத்தனுப்புனா நாம எப்பிடித் திங்கறம்?"

சுரீர் என்றது. ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் மாமி ஒரு தூக்கு நிறையப் புளியோதரை கொடுத்தனுப்புவார். என் மனைவி அதன் தலையில் ஒரு பிடி சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டுப் பிசைவாள். எங்கள் ஊரில் புளிச்சோறு என்றால் அப்படித்தான். பன்னிரண்டு வருஷமாக என் நாக்குக்கு மாமியின் புளியோதரை என்றால் அந்த ருசிதான். வெங்காயம் எங்களுடையது என்பதே மறந்து போயிருந்தது.

"போயி உள்ளத உள்ளபடி சொல்லீட்டு வாங்க. வீட்டக் காலி பண்ணச் சொன்னா பண்ணிக்கலாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாமியோடு மேல்கோட்டை பஸ் ஏறினேன். நானே வந்து விளக்குகிறேன் என்று மட்டும்தான் மாமியிடம் சொல்லியிருந்தேன். என்ன விளக்கப்போகிறேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

அண்ணா வீட்டுக் கூடத்தில் அண்ணா, மன்னி, இன்னும் நாலைந்து உறவினர்கள். மன்னி எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷம் ஒரே ஆத்துல இருக்கேள். கண்ணால பாக்காமயா எழுதினேள்?"

"மாமி சமையக்கட்டுக்குள்ள நான் ஒருநாளும் போனதில்லீங்க. வெங்காயம் போட்டது நாங்க." தூக்கு, அரிவாள்மணை, ஒரு பிடி வெங்காயம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமி பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் அண்ணாவுக்குத்தான் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. பிறகு மன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியிடம் சொன்னார்: "அந்தச் சமையல்காரனை வேண்டாம்னுடறேன். ரெண்டு நாள் முன்னாடியே வந்து நீயே காய்ச்சிடு."

எல்லாரும் சிரித்தார்கள், மாமியைத் தவிர. எனக்கு அவர் மானம் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் திரும்பும் பஸ்ஸில் மனசுக்குள் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டே வந்தேன். பாண்டவபுரம் தாண்டியதும் மாமி ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"பச்சை வெங்காயமா, வதக்கினதா?"

"பச்சைதானுங்க."

"நன்னா இருக்குமோ?"

பொய் சொல்ல வரவில்லை. "ரொம்ப நல்லா இருக்குமுங்க மாமி."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. சிரித்து முடித்ததும் மாமி என்னை நிதானமாகப் பார்த்தார்.

"முன்கட்டுல ஒரு ஆணி விடாம எழுதினேள். அந்த ஆத்துல நீங்க ரெண்டு பேரும் இருக்கறதை ஏன் எழுதலே?"

நாவலில் அந்த வீடு முற்றத்தோடு முடிந்துவிடுகிறது. பின்கட்டே கிடையாது. எங்களை யார் பார்க்க வரப்போகிறார்கள் என்று நானேதான் எழுதாமல் விட்டிருந்தேன்.