குதிரையின் ஐந்தாவது கால்

அவர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டுநர். தலையில் துண்டு, கைகளில் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். எலவனாசூர்கோட்டைக்கு அருகே ஒரு சிறு கோயிலில் தினமும் வண்டியை நிறுத்துவார். ஒரே ஒரு தூணில் இருக்கும் குதிரையை மட்டும் பார்ப்பார். அதன் கால்களை விரலால் தொட்டு எண்ணுவார்.

நான் கலை வரலாற்றுப் பேராசிரியர். ஒரு சிற்பத்தை எப்படிப் பொறுமையாகப் பார்ப்பது என்று அங்கே மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், இதுக்கு அஞ்சு காலுங்க" என்றார் அவர்.

என் புத்தகத்தில் நான்கு என்று எழுதியிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "அது வால்" என்றேன்.

"வாலத்தான் மேல தூக்கிக்கினு இருக்குதுங்களே?"

"அப்படியானால் சேணத்து வார்."

"வார்ல குளம்பு இருக்குமாங்க?"

"அந்தக் காலத்தில் இருந்தது."

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவரும் தலையாட்டினார். எல்லோரும் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

ஓய்வு பெற்ற பின், அவரைத் தேடிப் போய், நான் சொன்னது பொய் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய் என்னைத் தூணருகே அழைத்துச் சென்று மறுபடி எண்ணினார். விரல் ஐந்தாவது காலைத் தடவி, எண்ணாமல் கடந்தது.

"நாலுதாங்க சார். இது குளம்பு வெச்ச வாரு. நல்லாப் பாருங்க."