‘பாத்துக்கிறேன்’ என்ற சொல்லில் நான் விட்ட பிழை

“ஒன்ன நான் பாத்துக்கிறேன்னு சொன்னாருங்க” என்றார் செல்வி. கொட்டாஞ்சேனையில் முன்பள்ளி ஆசிரியை. விசாரணைக் குழுவின் பதிவு சிங்களத்தில் நடந்தது; மொழிபெயர்ப்பாளர் நான். ‘உன்னைப் பழிவாங்குவேன்’ என்று பொருள்படச் சிங்களத்தில் சொன்னேன். இருபத்தேழு வருட வேலையில் நான் விட்ட மிகப் பெரிய பிழை அது.

அப்படிச் சொன்னவர் அந்தப் பகுதியின் மாநகர சபை உறுப்பினர். வெள்ள நிவாரணப் பொதிகளைத் தன் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தார் என்று செல்வி முறைப்பாடு செய்திருந்தார். அதன் பிறகு அவர் முன்பள்ளிக்கே வந்து சொன்ன வார்த்தைதான் இது.

அவர்மேல் முன்பும் மூன்று முறைப்பாடுகள். விளையாட்டு மைதானக் காணியை மடக்கினார், நியமனங்களில் தலையிட்டார், ஓர் அதிகாரியை அடித்தார். மூன்றையும் வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் வைத்து மொழிபெயர்த்தவள் நான். எதுவும் நிரூபணமாகவில்லை. ஆளை நேரில் பார்த்தது அன்றுதான். கோப்புகளில் படித்த மனிதர் எங்கே என்று அந்த முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருமிய ஒருவருக்குத் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியும். எழுந்து என்னைக் கேட்டார்.

“அம்மா, பாத்துக்கிறேன் எண்டா கவனிச்சுக்கொள்ளுறன் எண்டும் வரும்தானே? பழிவாங்கிறது எங்கயிருந்து வந்தது?”

அது செல்வியின் வாயிலிருந்து வரவில்லை. நான் படித்திருந்த கோப்புகளிலிருந்து வந்திருந்தது. குழுத் தலைவரிடம், “பிழை என்னுடையது ஐயா. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. எது என்று என்னால் சொல்ல முடியாது” என்றேன். நான் கைவிட்டுவிட்டேன் என்பதுபோல செல்வி என்னைப் பார்த்தார்.

தலைவர் அந்த வரியை வெட்டச் சொன்னார். “அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள்.”

கேட்டேன்.

“சிரிச்சாருங்க. பொறவு, ‘மக தெமட்டகொடையில டியூஷன் முடிஞ்சு அஞ்சு மணி பஸ்ஸுலதானே வருது?’ன்னு கேட்டாரு. எனக்கு மக இருக்குன்னு அவருகிட்ட நான் சொன்னதே இல்லீங்க.”

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து உறுப்பினரைப் பார்த்தார்.

மிரட்டல் நிரூபணம் என்று அறிக்கை வந்தது. பொதிகள் பற்றிய முறைப்பாட்டுக்குச் சான்று போதவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை. காரணம் இதுதானா, தெரியாது. செல்வி அதே முன்பள்ளியில் படிப்பிக்கிறார். பழைய மூன்றில் எது உண்மை என்று அறிய எனக்கு இன்றும் ஆசைதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சாட்சியின் வாயில் வைக்காதீர்கள். அன்று நான் பிடிவாதமாக நின்றிருந்தால், விசாரணை அந்த ஒரு சொல்லிலேயே சிக்கி முடிந்திருக்கும். மகளைப் பற்றி அவர் கேட்டது பதிவுக்கே வந்திராது.